மாமாவின் ஃப்ரீசரும் பைதானும்: போனுக்குத் தமிழில் அறிவிப்பு அனுப்புவது எப்படி?

#1 · கொட்டாஞ்சேனைத் தம்பி · செவ்வாய், இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் மாமாவுக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை. பின்பக்கம் ஒரு டீப் ஃப்ரீசர். கோழி, மீன், ஐஸ்கிரீம் எல்லாம் அதற்குள்தான். போன மாதம் ஓர் இரவு அந்தப் பக்கத்து ட்ரிப் சுவிட்ச் மட்டும் விழுந்துவிட்டது. முன்பக்க லைட் எரிந்துகொண்டே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. காலையில் கடையைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர். மாமா ஒன்றும் பேசாமல் கோழியை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்காகத்தான் இந்த வேலை. ஒரு ராஸ்பெர்ரி பை (கையளவுக் கணினி), டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சர், கொஞ்சம் பைதான் புரோகிராம். ஃப்ரீசர் மைனஸ் 12 பாகைக்கு மேல் ஏறினால் மாமாவின் போனுக்கு அறிவிப்புப் போக வேண்டும். என்டிஃபை என்ற சேவையை எடுத்திருக்கிறேன். கணக்கும் வேண்டாம், காசும் வேண்டாம். ஒரு டாபிக்குக்கு, அதாவது ஓர் அலைவரிசை மாதிரி ஒன்றுக்கு, பெயர் வைத்து அந்த முகவரிக்கு எச்டிடிபி போஸ்ட் (இணையம் வழியாகத் தகவல் அனுப்பும் கோரிக்கை) ஒன்று அனுப்பினால், போனில் அதே டாபிக்கைச் சேர்த்து வைத்திருக்கும் செயலியில் மணி அடிக்கிறது.

ஆங்கிலத்தில் அனுப்பினேன், வந்தது. ஆனால் மாமாவுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். தலைப்பைத் தமிழில் போட்டவுடன் புரோகிராம் விழுகிறது. யூனிகோட் என்கோட் எரர், லத்தீன்-1 கோடெக்கால் இந்த எழுத்துகளை மாற்ற ஏலாது என்று சொல்கிறது. கோப்பின் மேலே யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் குறிமுறை) என்று எழுதிப் பார்த்தேன், எடிட்டரை அழித்துத் திரும்பப் போட்டேன், பலனில்லை. உள்ளே இருக்கும் செய்தி தமிழில் ஒழுங்காகப் போகிறது, தலைப்பில்தான் பிழை. டாபிக்கின் பெயர் ஆங்கில எழுத்தில் 'மாமாகடை'. யாராவது சோதிப்பதென்றால் சோதிக்கலாம்.

#2 · மலைப்பாம்பு · செவ்வாய், இரவு 11.05

தம்பி, முதலில் மாமாவின் போனைப் பாருங்கள். பிறகு கதைப்போம்.

#3 · கொட்டாஞ்சேனைத் தம்பி · செவ்வாய், இரவு 11.09

அண்ணா!! "முதலாளி, ஃப்ரீசர் சுகமாக இருக்கிறது. டாபிக்கின் பெயரை மாற்றச் சொல்லி மருமகனிடம் சொல்லுங்கள்" என்று வந்திருக்கிறது. மாமா என்னைக் கூப்பிட்டு "யாரடா இது, கடன்காரனா" என்று கேட்கிறார்.

#4 · மலைப்பாம்பு · செவ்வாய், இரவு 11.31

மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள். ஆனால் இதை ஒருமுறை நேரே கண்டால்தான் மனதில் நிற்கும். இந்தச் சேவையின் பொது சேர்வரில் டாபிக்கின் பெயர்தான் கடவுச்சொல். பெயர் தெரிந்த எவரும் அனுப்பலாம், எவரும் வாசிக்கலாம். 'மாமாகடை', 'டெஸ்ட்', 'அலெர்ட்' மாதிரிப் பெயர்களை உலகத்தில் யாரோ ஒருவர் ஏற்கெனவே வைத்திருப்பார். பைதானின் சீக்ரெட்ஸ் தொகுதியிடம் கேட்டால் ஒரு நீண்ட தாறுமாறான சொல் தரும், அதை வையுங்கள். அந்தச் சொல்லைப் புரோகிராம் கோட்டுக்குள் எழுதாமல் சூழல் மாறியில் (கோட்டுக்கு வெளியே இயங்குதளம் வைத்திருக்கும் மதிப்பு) வையுங்கள், கோட்டை நாளைக்கு கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கப் போடும்போது கூடவே போய்விடாது. கிரானில் (குறித்த நேரங்களில் புரோகிராமைத் தானாக ஓட்டும் வசதி) ஓட்டுவதாக இருந்தால் ஒன்று: டெர்மினலின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் வைத்த மாறிகளைக் கிரான் கண்டுகொள்ளாது. கையால் ஓட்டினால் வேலை செய்யும், கிரானில் செய்யாது. நான் ஒரு பின்னேரம் முழுவதையும் இதற்குக் கொடுத்திருக்கிறேன்.

இனித் தமிழ்த் தலைப்பு. உங்கள் கோப்பிலோ எடிட்டரிலோ பிழை இல்லை. நீங்கள் தலைப்பை எச்டிடிபி ஹெடராக (கடித உறையின் மேல் எழுதுவது மாதிரி, செய்திக்கு வெளியே போகும் வரி) அனுப்புகிறீர்கள். எச்டிடிபி கோரிக்கை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு அடியில் இருக்கும் பைதானின் எச்டிடிபி கிளையன்ட், ஹெடரில் வரும் சரத்தை லத்தீன்-1 ஆகத்தான் மாற்றும். மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான 256 இடங்கள் உள்ள பெட்டி அது. 'ஃ' கூட அதற்குள் போகாது. செய்தியின் உடல் வேறு வழியால் போகிறது, அதனால் அது தப்பிவிட்டது. (பழைய பதிப்புகளில் உடலும் இதே இடத்தில் விழும். யுடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றிக் கொடுத்துவிட்டால் எந்தப் பதிப்பிலும் பயமில்லை.)

தலைப்பையும் யுடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி ஹெடரில் போட்டால் போகும். ஆனால் நான் செய்வது ஜேசன், தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுதும் ஒரு வடிவம். டாபிக், தலைப்பு, செய்தி, முன்னுரிமை எல்லாவற்றையும் ஒரே டிக்ஷனரியில் வைத்து, ரிக்வெஸ்ட்ஸின் ஜேசன் அளவுருவுக்குக் கொடுத்துவிடுங்கள். ஹெடர் தொல்லையே இல்லை.

டைம்அவுட் 10 விநாடி போட மறக்க வேண்டாம். ரிக்வெஸ்ட்ஸ் தானாக நேர வரம்பு வைக்காது. வைஃபை பாதியில் தொங்கினால் உங்கள் புரோகிராமும் அங்கேயே தொங்கும்.

#5 · பழைய தந்திக்காரர் · புதன், காலை 6.20

இளைஞர்களே, ஒரு கேள்வி. இதற்கு எஸ்எம்எஸ் போதாதா? மாமாவின் போனில் செயலி, சேர்வர், டாபிக் என்று எதற்கு இவ்வளவு? எங்கள் காலத்தில் தந்தி வந்தால் பிரிக்குமுன்பே வீட்டில் அழத் தொடங்கிவிடுவார்கள், அவ்வளவு நம்பகம்.

#6 · மலைப்பாம்பு · புதன், காலை 8.15

ஐயா, எஸ்எம்எஸ் நல்லதுதான். ஆனால் புரோகிராமிலிருந்து அனுப்புவதற்கு ஓர் இடைத்தரகர் வேண்டும், ஒவ்வொரு செய்திக்கும் காசு. தமிழில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து 70 ஆகச் சுருங்கிவிடும். அறிவிப்புச் சேவையில் முன்னுரிமை, வேறு ஒலி, "பார்த்தேன்" என்று அழுத்தும் வசதி எல்லாம் கிடைக்கிறது.

#7 · கொட்டாஞ்சேனைத் தம்பி · புதன், இரவு 9.50

அண்ணா, ஜேசன் போட்டேன். தமிழ் வருவதற்குப் பதிலாக மாமாவின் போனில் சுருள் அடைப்புக்குறியும், பின்சாய்கோடும், யு எழுத்தும், நாலு நாலு இலக்கமுமாக ஒரு பக்கம் நிரம்ப வந்தது. "இதென்ன, லொத்தர் சீட்டா" என்றார்.

#8 · மலைப்பாம்பு · புதன், இரவு 10.02

டாபிக்கின் முகவரிக்கே அனுப்பியிருப்பீர்கள். ஜேசனாக அனுப்பும்போது சேர்வரின் வேர் முகவரிக்குத்தான் (டாபிக்கின் பெயர் சேராத வெறும் முகவரி) அனுப்ப வேண்டும், டாபிக்கின் பெயர் ஜேசனுக்கு உள்ளே போகும். டாபிக்கின் முகவரிக்கு அனுப்பினால் அது ஜேசனைப் பிரிக்காமல், முழுவதையும் வெறும் செய்தியாக நினைத்துக் காட்டிவிடும். அந்த இலக்கங்கள் எல்லாம் தமிழ்தான், யூனிகோட் எண்ணில் இருக்கிறது.

#9 · கொட்டாஞ்சேனைத் தம்பி · புதன், இரவு 10.11

வந்துவிட்டது! "ஃப்ரீசர் சூடாகிறது: மைனஸ் 11.4". மாமா இரண்டு தடவை வாசித்துவிட்டு "இப்ப சரி" என்றார்.

#10 · ஈயப்பற்று · புதன், இரவு 11.40

பொறுங்கள், கொண்டாட வேண்டாம். டிஎஸ்18பி20 என்றால் 85 பாகைக்குத் தயாராக இருங்கள். அந்தச் சில்லுக்கு மின்சாரம் ஒரு கணம் விட்டு வந்தால், அளக்காமலே 85 என்று ஒரு பழைய கணக்கை ஒப்பிக்கும். அதுதான் அதன் தொடக்க மதிப்பு. தரவுக் கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா? இல்லாவிட்டால் அதைப் போட்டுவிட்டு வந்து கதையுங்கள்.

#11 · கொட்டாஞ்சேனைத் தம்பி · வெள்ளி, காலை 7.05

ஈயப்பற்று அண்ணன் சொன்னது நடந்துவிட்டது. நேற்று இரவு 2.10க்கு "ஃப்ரீசர் சூடாகிறது: 85.0". கோழி அல்ல, சட்டி கொதிக்கும் சூடு. மாமா செருப்பைக்கூடப் போடாமல் கடைக்கு ஓடியிருக்கிறார். ஃப்ரீசர் பனி பிடித்து அமைதியாக இருந்ததாம்.

அத்தோடு முடியவில்லை. கிரான் நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடுகிறது. ரெசிஸ்டரின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. விடிவதற்குள் 43 செய்தி. மாமா கடைசியில் செயலியை மௌனமாக்கிவிட்டுப் படுத்துவிட்டார். உண்மையிலேயே ஃப்ரீசர் நின்றிருந்தாலும் அதற்குப் பிறகு அவருக்குத் தெரிந்திருக்காது.

#12 · ஈயப்பற்று · வெள்ளி, காலை 7.30

சொன்னேன்தானே. ரெசிஸ்டரை ஒழுங்காகப் பற்றவையுங்கள், பிரெட்போர்டை (பற்றவைக்காமல் கம்பி செருகும் பலகை) நம்பி மீன் வியாபாரம் செய்ய வேண்டாம். கோட்டில் இரண்டு சோதனை. சென்சர் கோப்பின் முதல் வரி 'யெஸ்' (அளவு பழுதில்லாமல் வந்தது என்று அர்த்தம்) என்று முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் அந்த அளவை எறியுங்கள். இரண்டாவது, 60க்கு மேல் எது வந்தாலும் எறியுங்கள். தீப்பிடித்தால் உங்களுக்கு வேறு வழியில் தெரியவரும்.

#13 · அலைக்கரை · வெள்ளி, மதியம் 12.48

மாமா மௌனமாக்கியதைச் சொன்னீர்களே, அந்த இடத்துக்குத்தான் எல்லோரும் வந்து சேருகிறோம். நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு காலத்தில் ஒரு நாளைக்கு 200 அறிவிப்பு வரும். ஒருவரும் பார்ப்பதில்லை. உண்மையான பிழை வந்த நாளில், வந்த செய்தி எல்லோருடைய போனிலும் வாசிக்கப்படாமல் கிடந்தது.

தம்பி, உங்கள் புரோகிராம் போன தடவை என்ன சொன்னது என்று அதற்கே நினைவில்லை. அதனால்தான் 43 தடவை சொன்னது. ஒரு சின்னக் கோப்பில் கடைசி நிலையை எழுதி வையுங்கள்: 'நல்லது' அல்லது 'சூடு'. நிலை மாறும்போது மட்டும் அனுப்புங்கள். அப்புறம், ஏறுவதற்கு ஓர் எல்லையும் இறங்குவதற்கு வேறோர் எல்லையும் வையுங்கள். மைனஸ் 12ஐத் தாண்டினால் 'சூடு', மைனஸ் 15க்குக் கீழே போனால்தான் 'நல்லது'. ஒரே எல்லையாக இருந்தால் மைனஸ் 11.9க்கும் 12.1க்கும் நடுவில் ஊஞ்சலாடும்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மணி. மூன்று அளவு தொடர்ந்து சூடாக இருந்தால்தான் நம்புவது என்றும் வைக்கலாம், யாராவது கதவைத் திறந்து ஐஸ்கிரீம் தேடும்போது அலறாது.

என்டிஃபையின் பொது சேர்வரில் இலவசமாக ஒரு நாளைக்கு 250 செய்தி வரைதான். நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாலு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இனி நித்திரை விஷயம். என்டிஃபையில் முன்னுரிமை 1 முதல் 5 வரை, சும்மா விட்டால் 3. சூட்டுக்கு 5 போடுங்கள், 'நல்லது' செய்திக்கு 2 போதும். போனில் மின்கலச் சிக்கன அமைப்பில் இந்தச் செயலிக்கு விலக்குக் கொடுங்கள். ஆண்ட்ராய்ட் 6இலிருந்து திரை அணைந்து அசையாமல் கிடக்கும் போன் செயலிகளை உறங்க வைக்கும், சில தயாரிப்பாளர்கள் அதற்கு மேலும் ஒரு படி போய்க் கொன்றே விடுகிறார்கள்.

நான் வீட்டில் பாவிப்பது புஷ்ஓவர் என்ற இன்னோர் அறிவிப்புச் சேவை. 30 நாள் சோதனை, பிறகு ஒரே ஒரு தடவை 5 டொலர். அதில் முன்னுரிமை 2 என்றால் அவசரம். எத்தனை விநாடிக்கு ஒரு தடவை திரும்ப அடிக்க வேண்டும் என்றும், எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்றும் நீங்களே சொல்ல வேண்டும். குறைந்தது 30 விநாடி, கூடியது 3 மணி நேரம். அழுத்தி ஒப்புக்கொள்ளும்வரை விடாது. என் கணவர் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருக்கிறார், நான் அதில் கருத்துச் சொல்லவில்லை.

#14 · பழைய தந்திக்காரர் · வெள்ளி, பிற்பகல் 2.10

நான் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் வாசிப்பாள்.

#15 · கொட்டாஞ்சேனைத் தம்பி · சனி, காலை 11.15

அக்கா சொன்னபடி எல்லாம் மாற்றினேன். மாமாவுக்குக் காலை 6 மணிக்கு ஒரு நாள் அறிக்கையும் சேர்த்தேன், இரவு முழுவதும் 5 நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்த அளவுகள். இரண்டு கூத்து.

ஒன்று, 6 மணிச் செய்தி 10.30க்குத்தான் வந்தது. இரண்டு, அளவுகள் வரவே இல்லை. "ஒரு கோப்பு வந்திருக்கிறது" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் ஓர் இணைப்பும் மட்டும். சரியென்று முதல் 200 எழுத்தை மட்டும் வெட்டி அனுப்பினேன். கடைசிச் சொல் 'கோழி' என்று இருக்க வேண்டும், வெறும் 'க' என்று நிற்கிறது.

#16 · மலைப்பாம்பு · சனி, பிற்பகல் 3.22

நேரம்: உங்கள் ராஸ்பெர்ரி பை இன்னும் லண்டனில் இருக்கிறது. அதன் இயங்குதளத்தின் இயல்பு நேர வலயம் அதுதான். கோடையில் நாலரை மணி பிந்தும், ஒக்டோபர் முடிவில் ஐந்தரை ஆகும். பையின் அமைப்பில் ஆசியா, கொழும்பு என்று மாற்றுங்கள். பைதானுக்குள் நேரம் எழுதும்போதும் ஸோன்இன்ஃபோ என்ற நேர வலயத் தொகுதியில் அதே பெயரைக் கொடுங்கள். ஐந்தரையை நீங்களே கூட்டி எழுத வேண்டாம்.

கோப்பு: என்டிஃபை ஒரு செய்திக்கு 4096 பைட் வரை ஏற்கும், அதைத் தாண்டினால் இணைப்பாக மாற்றிவிடும். ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லை நாங்கள் மூன்று எழுத்தாக எண்ணுவோம், பைதான் 5 என்னும், கம்பியில் போகும்போது 15 பைட். ஆகவே உங்களுக்கு இருப்பது ஏறத்தாழ 1365 குறி. பைட்டாக எண்ணிப் பாருங்கள், எழுத்தாக எண்ண வேண்டாம்.

'க': இதுவும் அதே கதைதான். 'கோ' என்பது பைதானுக்கு இரண்டு குறி: க, அதன் பின்னால் ஓகாரக் குறி. நீங்கள் சரியாக நடுவில் வெட்டியிருக்கிறீர்கள். இடைவெளி இருக்கும் இடம் பார்த்து வெட்டுங்கள். இன்னும் நல்லது, 144 அளவை யார் வாசிக்கப் போகிறார்? கூடியது, குறைந்தது, கடைசியாக அளந்தது. மூன்று எண் போதும்.

#17 · பழைய தந்திக்காரர் · சனி, மாலை 5.00

ஐந்தரையைக் கூட்ட வேண்டாம் என்று மலைப்பாம்பு சொன்னது மிகச் சரி. 1996இல் இந்த நாட்டின் மணிக்கூட்டை ஒரே வருடத்தில் இரண்டு தடவை மாற்றினார்கள், கிரீன்விச் நேரத்தோடு கூட்டுவது முதலில் ஆறரை மணி, பிறகு ஆறு. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பினோம். பத்து வருடம் எங்கள் வீட்டில் ஒரு மணிக்கூடு பழைய நேரத்திலேயே ஓடியது. அம்மா மாற்ற விடவில்லை.

#18 · கொட்டாஞ்சேனைத் தம்பி · திங்கள், காலை 8.40

நேற்றுப் பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் இரண்டரை மணி நேரம் கரண்ட் இல்லை. கடை பூட்டு. மாமா வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீட்டில். போனைப் பார்த்திருக்கிறார், ஒரு செய்தியும் இல்லை, நிம்மதியாக இரண்டாம் தடவை பாயசம் குடித்திருக்கிறார். கரண்ட் போனபோது ரூட்டரும் போய்விட்டது, பையும் போய்விட்டது. யார் அனுப்புவது?

மூடியைத் திறக்காததால் ஃப்ரீசர் தாங்கிவிட்டது. ஆனால் இவ்வளவு பாடுபட்டும், எந்த இரவுக்காக இதைச் செய்தேனோ அப்படிப்பட்ட நேரத்தில் இது வாய் திறக்கவில்லை.

#19 · ஈயப்பற்று · திங்கள், காலை 9.10

ரூட்டருக்கும் பைக்கும் ஒரு சின்ன யுபிஎஸ், கரண்ட் போனாலும் ஓட வைக்கும் மின்கலப் பெட்டி. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலத்தில் எல்லோரும் வாங்கிய அந்த 12 வோல்ட் பெட்டிதான். வீட்டில் ஒரு மூலையில் கிடக்கும், தேடுங்கள்.

#20 · மலைப்பாம்பு · திங்கள், காலை 10.35

யுபிஎஸ் போடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. எஸ்டி கார்ட் பழுதாகலாம், தரவுப் பொதி முடியலாம், கடைப் பையன் தூசு தட்டும்போது வயரைக் கழற்றலாம். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறித் தீவு முழுவதும் இருண்டது. அதற்கு எந்த இஃப் கட்டளை எழுதுவீர்கள்?

செத்தவன் தான் செத்த செய்தியை அனுப்ப மாட்டான். அதனால் தலைகீழாகச் செய்ய வேண்டும். கடைக்கு வெளியே வேறோர் இடத்தில் ஒருவர் காத்திருக்க வேண்டும். பை 5 நிமிடத்துக்கு ஒரு தடவை "இருக்கிறேன்" என்று அவரைத் தட்ட வேண்டும். தட்டு நின்றால் அவர் உங்களுக்குச் சொல்வார். ஹெல்த்செக்ஸ்.ஐஓ இதைத்தான் செய்கிறது. அதுவே பைதானில், ஜாங்கோ என்ற இணையச் சட்டகத்தில் எழுதியதுதான், மூலக்கோடும் திறந்தது. இலவசக் கணக்கில் 20 கண்காணிப்பு வைக்கலாம். ஒரு தனி முகவரி தரும், ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் அதற்கு ஒரு கெட், அதாவது அந்த முகவரியைத் திறக்கும் எச்டிடிபி கோரிக்கை. இடைவெளி 5 நிமிடம், பொறுத்திருக்கும் நேரம் 10 நிமிடம் என்று அமையுங்கள்.

கெட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். புரோகிராமின் முதல் வரியில் வைத்தால், சென்சர் வாசிப்பு விழுந்தாலும் "இருக்கிறேன்" போய்விடும். சென்சரை வாசித்து, அளவு செல்லுபடியானது என்று தெரிந்த பிறகுதான் தட்ட வேண்டும்.

#21 · கொட்டாஞ்சேனைத் தம்பி · திங்கள், இரவு 9.15

அண்ணா, அமைத்துச் சோதித்தேன், பையின் வயரைப் பிடுங்கினேன். 15 நிமிடத்துக்குள் வந்தது. ஆனால் ஆங்கிலத்தில். மாமாவுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை, ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிட்டார்.

#22 · அலைக்கரை · திங்கள், இரவு 10.20

ஹெல்த்செக்ஸின் அமைப்பில் இருக்கும் என்டிஃபை இணைப்பைக் கழற்றுங்கள். அதே இடத்தில் வெப்ஹூக் (நாங்கள் சொல்லும் முகவரிக்கு நாங்கள் எழுதியதை அனுப்பும் வசதி) இருக்கிறது. போஸ்ட் என்று தெரிவுசெய்து, என்டிஃபையின் வேர் முகவரியைக் கொடுத்து, உடலில் நீங்கள் முதலே எழுதிய அதே ஜேசனை வையுங்கள், தமிழில். தட்டு நின்றால் ஒன்று, திரும்ப வந்தால் இன்னொன்று, இரண்டுக்கும் வேறு வேறு செய்தி எழுதலாம். "கடையிலிருந்து பேச்சில்லை. போய்ப் பார்க்கவும்." இது போதும். காரணம் எழுத வேண்டாம், அந்த நேரத்தில் காரணம் யாருக்கும் தெரியாது.

#23 · கொட்டாஞ்சேனைத் தம்பி · வியாழன், இரவு 11.58

இன்று இரவு 9.40க்கு வந்தது. "கடையிலிருந்து பேச்சில்லை." மாமா சாப்பாட்டுக் கையோடு போனார், நான் பின்னால். முன்பக்க லைட் எரிகிறது. பின்பக்க ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது, ஃப்ரீசரும் பையும் ஒரே பிளக்கில். மாமா சுவிட்சைத் தூக்கினார், மோட்டார் உறுமியது, கையை மூடிமேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மைனஸ் 16.2. நாளைக்கு வயரிங்காரர் வருகிறார், ஏன் அந்த சுவிட்ச் விழுகிறது என்று பார்க்க.

ஒரு கடைசிக் கேள்வி. ஐஸ்கிரீம் பெட்டிக்கும் ஒன்று வேண்டுமாம். அதே வயரில் இரண்டாவது சென்சர் போடலாமா, ரெசிஸ்டரும் இன்னொன்று வேண்டுமா?

#24 · ஈயப்பற்று · வெள்ளி, காலை 6.55

போடலாம். ஒவ்வொரு சென்சருக்கும் தனி எண் உண்டு, 28 என்று தொடங்கும் இரண்டு கோப்புறை தெரியும். எது எந்தப் பெட்டி என்று ஒன்றைக் கையில் பிடித்துச் சூடாக்கிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டர் ஒன்றே போதும். பற்றவைக்க வேண்டும், பிரெட்போர்ட் கூடாது.